பஞ்சர் ஒட்டிய கதை

சைக்கிளைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் ஒரு பதில் இருக்கும். பஞ்சர் ஒட்டுவதைக் கண்டுபிடித்தது யார் என்று எந்தப் புத்தகமும் கேட்பதில்லை. இத்தனைக்கும் முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்வியில்தான் சுவாரசியம் அதிகம்.

வீட்டில் பஞ்சர் ஒட்ட என்ன வேண்டும்? ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு சின்ன டியூப் சொல்யூஷன், பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒட்டு, ஒரு வாளித் தண்ணீர், டயரைக் கழற்ற இரண்டு ஸ்பூன் (லிவர் எல்லாம் கடைக்காரர்களுக்கு. வீடுகளில் ஸ்பூன் காம்புதான். அம்மாக்கள் திட்டுவது தனிக்கதை). திண்ணையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1889-ல் இதே வேலைக்கு ஒரு தொழிற்சாலையும் ஒரு முழு இரவும் தேவைப்பட்டது. அந்தத் தொழிற்சாலை எப்படித் திண்ணைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கலாம். 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தி ஓட்ட வேண்டும். பெரும்பாலும் மரம். அது உடைந்தால் தச்சரிடம் போக வேண்டியதுதான். 1860-களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தினர் பெடல் வைத்த வண்டியை விற்கத் தொடங்கினார்கள். அதில் இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம். மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். கல் பாவிய தெருவில் அதை ஓட்டினால் எப்படியிருக்கும் என்பதற்கு ஆங்கிலேயர்கள் வைத்த பட்டப்பெயரே சாட்சி: எலும்புகுலுக்கி! ஆனால் ஒரு வசதி. அந்த வண்டிக்குப் பஞ்சர் ஆகாது. எது உடைந்தாலும் ஊர்க் கொல்லர் சரிசெய்துவிடுவார்.

பிறகு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் வருகிறது. தையல் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி 1860-களின் கடைசியில் சைக்கிளுக்கு மாறியது. அங்கிருந்த ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர்தான் கம்பிச் சக்கரத்தைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். நம்ம ஊர்க் கடைகளில் போக்ஸ் கம்பி என்கிறோமே, அந்த ஸ்போக்ஸ்தான். மரச்சக்கரத்தில் ஆரக்கால் பாரத்தைத் தாங்கி நிற்கும். கம்பிச் சக்கரத்தில் அப்படியில்லை. எல்லாக் கம்பிகளும் ரிம்மை நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அந்த இழுவிசைதான் சக்கரத்தை வட்டமாக வைத்திருக்கிறது. ஒரு பக்கக் கம்பி தளர்ந்தால் ரிம் மறுபக்கம் சாயும். 'கோட்டம் எடுப்பது' என்றால் இந்த இழுவிசைகளை மறுபடி சமன் செய்வதுதான். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து நிப்பிளைக் கால் சுற்று இறுக்கு, சக்கரத்தைச் சுற்றிப் பார், மறுபடி கால் சுற்று. இதற்கு உலை வேண்டாம், சம்மட்டி வேண்டாம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னச் சாவி போதும். சைக்கிள் ரிப்பேர் கொல்லர் பட்டறையிலிருந்து வெளியே வந்தது இந்த இடத்தில்தான் என்று சொல்லலாம்.

ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழி மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைய சைக்கிளின் உருவம் அப்போதே வந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, காற்று.

காற்று டயர் என்றால் ஜான் பாய்ட் டன்லப் என்று எல்லோருக்கும் தெரியும். பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு டாக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக 1887-ல் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றித் துணியால் இறுக்கிக் காற்றடித்துப் பார்த்தார். 1888-ல் காப்புரிமை வாங்கினார். 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் கல்லூரி மைதானப் பந்தயத்தில் வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்த டயரோடு வந்து ஜெயித்தார். அந்தப் பந்தயங்களில் தோற்றுப்போனவர்களில் ஹார்வி டு கிராஸ் என்ற வியாபாரியின் மகன்களும் உண்டு. அப்பா என்ன செய்தார்? மகன்களைத் திட்டவில்லை. டயரைப் பார்த்தார், டப்ளினில் ஒரு கம்பெனி தொடங்கிவிட்டார். (வணிகவியல் மாணவர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம்.)

இதில் ஒரு சிக்கல் வந்தது. காற்று டயருக்கு 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 23. குதிரை வண்டிகளுக்காகச் செய்தார், லண்டனில் ஓட்டியும் காட்டினார். ரப்பர் விலை அதிகம், சைக்கிள் என்ற பொருளே அப்போது இல்லை, யாரும் சீண்டவில்லை. மறந்துபோன அந்தக் காகிதம் வெளியே வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று ஆகிவிட்டது. கம்பெனியைக் காப்பாற்றியது வேறு இருவரின் காப்புரிமைகள். 1890-ல் சார்லஸ் வெல்ச், வில்லியம் பார்ட்லெட் இருவரும் தனித்தனியாக, டயரை ரிம்மில் ஒட்டாமலேயே பிடித்து நிறுத்தும் வழிகளைப் பதிவு செய்திருந்தார்கள். கம்பெனி இரண்டையும் வாங்கிப்போட்டது.

இது ஏன் முக்கியம் என்றால், டன்லப் செய்த டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. சக்கரத்தோடு சேர்த்துத் துணியைச் சுற்றிப் பசை போட்டு இறுக்கியிருக்கும். சொகுசாக ஓடும், ஆனால் ஒரு முள் குத்தினால் முடிந்தது கதை. உள்ளே இருக்கும் டியூபைப் பார்க்கவேண்டுமென்றால் துணியையும் பசையையும் உரிக்க வேண்டும். பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் ஊரில் ரப்பர் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்த மிச்செலின் சகோதரர்களிடம் ஒருவர் பஞ்சரான டன்லப் டயரோடு வந்து நின்றார். உரித்து ஒட்ட மூன்று மணி நேரம், பசை காய ஓர் இரவு. காலையில் எதுவார் மிச்செலின் ஆசையாக ஏறி ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காற்று போய்விட்டது. அந்தக் கம்பெனி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் கதை இது. அவருக்கு அன்று புரிந்த விஷயம்: காற்று டயர்தான் எதிர்காலம், ஆனால் ஓட்டுகிறவனே கழற்றி மாட்ட முடியாவிட்டால் அது விற்காது.

1891-ல் அவர்கள் கழற்றி மாட்டும் டயருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதே செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயம், சுமார் 1,200 கி.மீ. சார்லஸ் டெரோன் என்ற வீரர் மிச்செலின் டயரோடு கிளம்பி, தூங்காமல் ஏறக்குறைய 71 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். டன்லப் டயரில் வந்தவர் பல மணி நேரம் கழித்து இரண்டாவதாக வந்தார். மறுவருடம் பாரிஸிலிருந்து தங்கள் ஊருக்கு இன்னொரு பந்தயம் நடத்தினார்கள் மிச்செலின் சகோதரர்கள். வழியில் வேண்டுமென்றே ஆணிகளைத் தூவினார்கள் என்கிறார்கள்! பஞ்சர் ஆனால் பயமில்லை என்று காட்டுவதற்காகவாம். விளம்பரத்துக்காகத் தன் வாடிக்கையாளரின் டயரில் ஆணி ஏற்றும் துணிச்சல் எந்த மார்க்கெட்டிங் பாடத்திலும் வராது :-) (நம்ம ஊரில் சில பஞ்சர் கடைகளைப் பற்றியும் இதே குற்றச்சாட்டு உண்டு. கடைக்கு நூறு அடி முன்னால் ஆணி கிடக்கும் என்பார்கள். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு!)

வெல்ச் யோசித்த முறைதான் இன்றும் நம் டயரில் இருக்கிறது. டயரின் இரண்டு விளிம்புகளுக்குள்ளும் நீளாத கம்பி வளையம். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம். ஒரு பக்க விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளினால் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், அங்கே ஸ்பூனை நுழைத்து நெம்பினால் டயர் வெளியே வரும். காற்றடித்ததும் அதே விளிம்புகள் ரிம்மில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பசையே வேண்டாம். இது தெரியாமல் பலம் முழுவதையும் போட்டு நெம்புகிறவர்கள்தான் டியூபில் இரண்டாவது ஓட்டை போடுகிறார்கள். அதே 1890-களில் உட்ஸ் என்பவரின் பெயரில் ஒரு வால்வும் வந்தது. ஊசித் தண்டின் மேல் மெல்லிய ரப்பர் குழல் மாட்டியிருக்கும். காற்று உள்ளே போகும்போது குழல் விலகும், வெளியே வரப் பார்த்தால் தண்டோடு அழுந்தி மூடிக்கொள்ளும். நம் கடைகளில் வால்டியூப் என்று கிள்ளிக் கொடுப்பது அதைத்தான். தினமும் காற்று இறங்குகிறதென்றால் பெரும்பாலும் பஞ்சரே இருக்காது, வால்டியூப் வெடித்திருக்கும்.

பணக்கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1890-களின் நடுவில் இங்கிலாந்தில் சைக்கிள் பங்குகள் வெறிபிடித்த மாதிரி ஏறின. எர்னஸ்ட் டெரா ஹூலி என்ற நிதி வித்தகர் 1896-ல் டன்லப் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, கையோடு 50 லட்சம் பவுண்டுக்குப் பொதுமக்களிடம் பங்காக விற்றார். இரண்டே வருடத்தில், 1898-ல், அவர் திவால். பெயரைக் கொடுத்த டன்லப்போ அதற்கு முன்பே, 1895-ல், கம்பெனியை விட்டு விலகியிருந்தார். அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, ஒட்டு எப்படி ஒட்டுகிறது? மரத்திலிருந்து வரும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் உடையும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலைத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். 1844-ல் காப்புரிமை. கந்தகம் ரப்பர் இழைகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. நம் சொல்யூஷன் என்பது கரைப்பானில் கரைத்த ரப்பர்தான். அதைத் தடவிய உடனே ஒட்டு வைத்தால் நிற்காது. கரைப்பான் ஆவியாகி, விரல் வைத்தால் பிசுக்கென்று இருக்கும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரர் சொல்யூஷன் தடவிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போவது அலட்சியம் இல்லை, அதுதான் செய்முறை. உப்புத்தாளில் உரசுவதும் அப்படியே. டியூபின் மேலிருக்கும் பவுடரும் பழைய தோலும் போனால்தான் ரப்பர் ரப்பரைப் பிடிக்கும்.

இங்கேதான் கதை இருட்டாகிறது. திடீரென்று உலகம் முழுக்கச் சைக்கிள் டயர் வேண்டும் என்றால் அவ்வளவு ரப்பருக்கு எங்கே போவது? 1890-களில் தோட்ட ரப்பர் சந்தைக்கு வரவில்லை. காட்டு ரப்பர்தான். ஒன்று அமேசான், மற்றொன்று ஆப்பிரிக்காவில் காங்கோ. காங்கோ 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. நாட்டின் காலனி கூட இல்லை, அவருடைய தனிப்பட்ட சொத்து! ஒவ்வொரு கிராமமும் இவ்வளவு ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று அளவு வைத்தார்கள். குறைந்தால் மனைவி மக்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், சுட்டார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்பதற்குக் கணக்குக் காட்டச் சிப்பாய்கள் கைகளை வெட்டிக் கொண்டுபோனார்கள். ஆம், கணக்குக் காட்ட. லட்சக்கணக்கான பேர் செத்தார்கள்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. எட்மண்ட் மோரெல் என்று பெயர், லிவர்பூலில் வேலை. காங்கோ சரக்குக் கணக்கைப் பார்க்க ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அடிக்கடி போவார். கப்பல்கள் காங்கோவிலிருந்து வரும்போது ரப்பரும் தந்தமுமாக நிரம்பி வருகின்றன. திரும்பிப் போகும்போது? துப்பாக்கியும் தோட்டாவும். துணி இல்லை, உப்பு இல்லை, பாத்திரம் இல்லை. வாங்குகிற பொருளுக்கு விலையாக எதுவும் போகவில்லை. அப்படியானால் அது வியாபாரமே இல்லை, கொள்ளை. ஒரு தடவைகூடக் காங்கோவுக்குப் போகாமல், பற்று வரவு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்தார். வேலையை விட்டார், பத்திரிகை நடத்தினார், இயக்கம் தொடங்கினார். 1904-ல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை அவர் சொன்னதை உறுதி செய்தது. 1908-ல் மன்னரிடமிருந்து காங்கோவைப் பெல்ஜிய அரசு எடுத்துக்கொண்டது. கணக்குப்பதிவியல் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களிடம் மோரெலைச் சொல்லலாம்.

அடுத்த அத்தியாயத்தில் தமிழர்கள் வருகிறார்கள். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்ததில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்குப் போயின. மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு. கொஞ்ச காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி என்பவர் 1890-களில் மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டுபிடித்து, தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் நடுங்கள் நடுங்கள் என்று நச்சரித்தார். பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு சைக்கிளைப் பின்தொடர்ந்து மோட்டார் கார் வந்தது, ரப்பர் விலை பறந்தது, மலாயாவில் காடுகள் அழிந்து தோட்டங்கள் முளைத்தன. அங்கே பால் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் தஞ்சை, திருச்சி, சேலம், வடஆற்காடு என்று நம் மாவட்டங்களிலிருந்து முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணிகள் திரட்டியும் கப்பல் ஏறியவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போனவர்கள். பர்மிங்ஹாமிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய டயர்களில் அவர்கள் வெட்டிய பாலும் இருந்திருக்கும். தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த கூலியில் அந்தச் சைக்கிளை வாங்குவது சுலபமாக இருந்திருக்காது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியபோது பாதி வேலையைச் சைக்கிள்கள் செய்தன. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அந்த ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போட்ட நல்ல சாலைகளிலேயே மிதித்துக்கொண்டு தெற்கே போனார்கள். படைப்பிரிவுக்குப் பிரிவு பஞ்சர் ஒட்டத் தனி ஆட்கள் உண்டு. வெயிலில் டயர் வெடித்து ஒட்ட நேரமில்லாதபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டு டாங்கிகள் வருகின்றன என்று எதிர்ப்படை பயந்தது என ஜப்பானிய ராணுவ அதிகாரி ஒருவரின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கின, பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது தனியாக எழுதவேண்டிய விஷயம், இங்கே ஒரு வரியில் அடக்குவது நியாயமில்லை.

மறுபடி ரிப்பேருக்கு வருவோம். தன் சைக்கிளைத் தானே சரிசெய்வதைப் பிரான்சில் ஒரு சட்டமாகவே வைத்திருந்தார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஆரம்ப காலத்தில், வழியில் எது உடைந்தாலும் வீரர் யார் உதவியும் இல்லாமல் தானே சரிசெய்ய வேண்டும். 1913-ல் பைரனீஸ் மலையில் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜென் கிறிஸ்டோஃப் என்ற வீரரின் முன் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கி.மீ.க்கு மேல் நடந்து சென்ட் மேரி டி கம்பான் என்ற கிராமத்துக்கு வந்தார். கொல்லர் பட்டறை இருந்தது, கொல்லரும் இருந்தார். தொடக்கூடாது! சுற்றி நின்று அதிகாரிகள் வேடிக்கை பார்க்க, கிறிஸ்டோஃப் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சேர்த்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அதற்கு அபராதம் பத்து நிமிடம்! பிறகு மூன்றாகக் குறைத்தார்கள் என்பது வேறு விஷயம். பந்தயம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1919-ல் மஞ்சள் பனியனை முதன்முதலில் அணிந்தவரும் இவரே. அந்த வருடமும் பந்தயம் முடியும் தறுவாயில் ஃபோர்க் உடைந்தது. டூர் டி பிரான்ஸை அவர் ஜெயிக்கவே இல்லை.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுபுறம் வேறொரு குரல். 1896-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மரியா வார்டு பெண்களுக்காக ஒரு சைக்கிள் புத்தகம் எழுதினார். எப்படி ஏறுவது, என்ன உடுத்துவது என்பதோடு நின்றிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். பெண்களும் கருவிகளும் என்று ஒரு அத்தியாயமே வைத்தார். ஊசியும் கத்தரியும் பிடிக்கத் தெரிந்த கைக்கு ஸ்பேனர் பெரிய விஷயமில்லை என்பது அவர் வாதம். நட்டைக் கழற்றத் தெரியாதவள் எவ்வளவு தூரம் போனாலும், யாராவது வந்து உதவும் தூரத்துக்குள்தானே சுற்ற முடியும்?

நம் ஊருக்கு நூறு வருடம் கழித்து அந்தக் கேள்வி வந்தது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்கையெடுத்து, எழுதப் படிக்கக் கற்பதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், நர்சுகள், ஆசிரியைகள் என்று எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாட்டில் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்க அதுதான் வசதி என்றும் கண்டுகொண்டார்கள். கேலி பேசியவர்கள் நிறைய. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஓட்டிய அந்தக் கறுப்பு சைக்கிளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க கால பிரிட்டிஷ் ரோட்ஸ்டரின் நேரடி வாரிசு அது. பிரிட்டனில் 1902-ல் சைக்கிள் பொறியாளர்கள் திருகு மறைகளுக்கெல்லாம் ஒரே அளவு வகுத்தார்கள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ என்று இந்தியத் தொழிற்சாலைகள் வந்தபோதும் அந்த அச்சை மாற்றவில்லை. விளைவு? ஒரு கம்பெனி சைக்கிளின் கோன் இன்னொரு கம்பெனி சைக்கிளுக்குப் பொருந்தும். தாத்தா சைக்கிளுக்கு வாங்கிய செயின் பேரன் சைக்கிளுக்கும் ஓடும். பால்ரஸ் குண்டு கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். 28 அங்குல டயர் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு திருப்புளி, கிராங்கில் காட்டர் பின் அடிக்க ஒரு மரக்கட்டை இருந்தால் முழு ஓவராயிலையும் வீட்டு முற்றத்தில் முடித்துவிடலாம். மண்ணெண்ணெயில் கழுவு, கிரீஸ் வை, குண்டுகளை அடுக்கு, கோனை இறுக்கிக் கால் சுற்றுத் தளர்த்து. ஒரே ஒரு சூட்சுமம், இடது பெடலுக்கு மறை எதிர்த்திசை. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. தெரியாமல் வழக்கம்போலத் திருப்பியவர்கள் பெடலை மேலும் இறுக்கியிருப்பார்கள். (மறை கழன்ற கேஸ் என்ற வசவு இங்கிருந்து வந்ததா என்று மொழி அறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.)

பொருளாதாரப் புத்தகங்கள் இதைத் தரப்படுத்தல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஊருக்கு ஊர் வேப்பமரத்தடியில் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டு, அதே இடத்தில் ரிப்பேரும் பார்த்தார்கள். கடைகளில் எடுபிடியாகச் சேர்ந்த பையன்கள் படிப்பில்லாமலே ஒரு தொழிலைக் கற்றார்கள். மேற்கே ரைட் சகோதரர்கள் 1892-ல் டேட்டன் நகரில் தொடங்கியதும் இப்படி ஒரு சைக்கிள் கடைதான். 1903-ல் பறந்த அவர்களின் விமானத்தில் புரொப்பல்லரைச் சுழற்றியது சைக்கிள் மாதிரியான செயின் என்பது தெரிந்த கதை.

பிற்பாடு வந்த கியர் சைக்கிள்களில் இந்த ஒற்றுமை குலைந்தது. பெடல் அச்சு பேரிங்குக்கு மட்டும் ஒரு டஜனுக்கு மேல் வெவ்வேறு அளவுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி. மூடி அடைத்த பேரிங், எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக். நன்றாக ஓடுகின்றன, குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்பூன் காம்பால் ஒன்றும் செய்ய முடியாது. வாடகைக் கடைகளும் மொபெட், பைக் வந்த பிறகு ஒவ்வொன்றாக மூடின. அட்லஸ் கம்பெனி சாஹிபாபாத்தில் இருந்த தன் தொழிற்சாலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம்.

அதே 2020-ல், கொரோனாவுக்குப் பயந்து பஸ், ரயில் ஏற மக்கள் தயங்கியபோது, ஐரோப்பிய அரசுகள் ஒரு விஷயத்தைக் கவனித்தன. வீடுகளில் சைக்கிள் இருக்கிறது, ஓடுகிற நிலையில் இல்லை. பிரான்ஸ் அரசு ஒரு சைக்கிள் ரிப்பேருக்கு 50 யூரோ வரை தந்தது. இங்கிலாந்தில் 50 பவுண்டு கூப்பன். ஜூலை கடைசியில் கூப்பன் விநியோகம் தொடங்கிய இரவே கூட்டம் தாங்காமல் அந்த இணையதளம் படுத்துவிட்டது. கூப்பனைப் பதிவு பெற்ற மெக்கானிக்கிடம் மட்டும்தான் கொடுக்க முடியும். வீட்டிலேயே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டவருக்கு ஒரு பைசா கிடையாது.